ஏழாம் கட்டிலில் பாடம்

ஊசி போடும் டாக்டருக்குப் பயப்படுகிறவர்கள் பாக்கியசாலிகள். பாடம் நடத்தும் டாக்டரிடம் அவர்கள் இன்னும் மாட்டவில்லை. ஊசி ஒரு நொடியில் முடிந்துவிடும். பாடம் முடியாது.

வாத்தியார் டாக்டர் என்று ஓர் இனம் உண்டு. முன்னாலிருந்து பார்த்தால் அடையாளம் தெரியாது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், சட்டைப்பையில் மசி கசிந்த பேனா என்று எல்லா டாக்டர்களையும் போலத்தான் இருப்பார். பின்னால் பாருங்கள். மற்ற டாக்டருக்குப் பின்னால் ஒரு நர்ஸ் வருவார். இவருக்குப் பின்னால் ஆறு இளைஞர்களும், ஆறு குறிப்பேடுகளும், ஆறு பேருடைய காலைப் பசியும் வரும். உங்களைப் பார்த்து "என்ன செய்யுது?" என்று கேட்டால் அவர் சாதாரண டாக்டர். உங்களைக் கைகாட்டி, பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்து, "இவருக்கு என்ன செய்யுது?" என்று கேட்டால் கதை முடிந்தது. நீங்கள் இனி நோயாளி இல்லை. கரும்பலகை.

அவர் கேட்பது கேள்வி என்று நினைத்தீர்களா? கேள்வி என்றால் பதிலை எதிர்பார்த்துக் கேட்பது. இவர் பதிலை மனசுக்குள் பத்திரமாகப் பூட்டிவைத்துக்கொண்டு, சாவி எங்கே என்று ஊரையே தேடவிடுகிறவர். போடி ஏல மையத்தில் ஏலக்காயைக் கையில் அள்ளி ஒருவர் ஒரு விலை கேட்க, அடுத்தவர் அதற்கு மேலே கேட்க, எண் ஏறிக்கொண்டே போகுமே, வாத்தியார் டாக்டரின் ரவுண்ட்ஸும் அதே மாதிரிதான்.

"இருமலுக்கு என்ன காரணம்?"

"சளி சார்."

"வேற?"

"ஆஸ்துமா சார்."

"வேற?"

"டிபி சார்."

"வேற?"

"கேன்சர் சார்."

ஒவ்வொரு 'வேற'வுக்கும் கட்டிலில் கிடப்பவர் ஒரு படி கீழே இறங்குவார். இருமலோடு வந்தவர், பத்தாவது நிமிஷத்தில் பத்திரம் யார் பெயரில் எழுதலாம் என்ற யோசனைக்குப் போய்விடுவார். எல்லாம் ஓய்ந்த பிறகு வாத்தியார் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொல்வார்: "சளிதான். ஆனா ஏன் சளின்னு ஒருத்தரும் சொல்லல."

இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒன்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் போடிநாயக்கனூருக்கு வரலாம். மலைப்பாதை பிரியும் இடத்தில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே பொது மருத்துவம் பார்க்கும் டாக்டர் லிங்கேஸ்வரனுக்கு ஐம்பத்து நான்கு வயது. கைராசிக்காரர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மலையில் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் தலைவலி என்றால்கூட ஜீப்பை நிறுத்தி அவரைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஆனால் அவருக்குக் குணமாக்குவதில் கிடைக்கும் இன்பம், விளக்குவதில் கிடைக்கும் இன்பத்தில் கால்வாசிகூட இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மருத்துவக் கல்லூரி, பயிற்சி டாக்டர்களை மாதத்துக்கு ஆறு பேராக அவரிடம் அனுப்பத் தொடங்கியது. அதற்கு முன்னால் அவர் எப்படி உயிரோடு இருந்தார் என்று கேட்கிறீர்களா? முடிவெட்டுகிறவருக்கு மண்டையோட்டின் எலும்புகளைச் சொல்லிக்கொடுத்தார். மருந்துக் கம்பெனிக்காரருக்கு அவர் கொண்டுவந்த மருந்தையே விளக்கினார். வீட்டில் மனைவி மகாராணிக்குப் பாடம் நடத்திப் பார்த்தார். மகாராணி அம்மாள் படித்தவர், பொறுமைசாலி, ஆனால் மாணவி இல்லை.

"சாம்பார்ல உப்பு இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க," என்றார் அவர் ஒருநாள். "ஏன் இல்லைன்னு என்னையக் கேக்காதீங்க."

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது. வருகிற வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து டாக்டர் கற்பகம் என்பவர் நேரில் வந்து அவர் பாடம் நடத்துவதைப் பார்ப்பார்; அவர் தரும் மதிப்பெண் போதாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து பயிற்சி டாக்டர்கள் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுவார்கள். கடிதத்தோடு ஒரு தாள் இணைக்கப்பட்டிருந்தது: 'மருத்துவம் கற்பிக்கும் மருத்துவர்களுக்குப் பன்னிரண்டு நடைமுறைக் குறிப்புகள்.'

லிங்கேஸ்வரன் கடிதத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். ஆறு பேரும் போய்விட்டால்? காலையில் வார்டுக்குள் நுழைகிறார், பின்னால் யாரும் இல்லை, "வேற?" என்று கேட்கிறார், மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. ஓய்வுபெற இன்னும் பல வருஷம் இருந்தது. முடிவெட்டுகிறவரோ கடையை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் அந்தத் தாளைப் பொதுத்தேர்வுக்குப் படிப்பதுபோல் படித்தார். குறிப்புகள் ஒவ்வொன்றும் நல்ல குறிப்புகள்தான். கேள்வி கேட்டுவிட்டு ஐந்து விநாடி பொறுங்கள் என்றிருந்தது. குறையைச் சொல்வதற்கு முன்னும் பின்னும் ஒரு நிறையைச் சொல்லுங்கள் என்றிருந்தது. நோயாளியிடம் அனுமதி கேளுங்கள், மனசில் ஓடுவதை வெளியே சொல்லிக்காட்டுங்கள், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று மாணவரைக் கேளுங்கள் என்று வரிசையாக இருந்தது. சாவியும் பூட்டும் சேர்ந்தே வந்த மாதிரி இருந்தது அவருக்கு. முதல் சோதனையைப் புதன்கிழமை மத்தியானம் வீட்டில் நடத்தினார்.

"மகாராணி, நீ வச்ச மீன்கொழம்பு ரொம்பப் பிரமாதம். உப்புக் கரிக்குது. சட்டி ரொம்ப அழகா இருக்கு."

மகாராணி கரண்டியைக் கீழே வைத்தார். "யாரு சொல்லிக் குடுத்தா இதை?"

"காலேஜ்ல இருந்து வந்திருக்கு. குறையைத் தனியா விடக் கூடாதாம். ரெண்டு பக்கமும் துணைக்கு ஆள் போடணுமாம்."

"கரிச்சா கரிக்குதுன்னு சொல்லுங்க. சட்டி எங்க அம்மா குடுத்தது. அதை எதுக்கு இதுல இழுக்கிறீங்க?"

"சரி. ஏன் கரிக்குதுன்னு நீ நினைக்கிற? அஞ்சு செகண்டு தர்றேன்."

"எனக்குச் சோலி கெடக்கு," என்று மகாராணி எழுந்து போய்விட்டார். லிங்கேஸ்வரன் ஐந்து எண்ணி முடித்துவிட்டுத்தான் கை கழுவினார். குறிப்பு என்றால் குறிப்பு.

வியாழக்கிழமை காலை, பாடம் நடத்த எந்த நோயாளி தோதானவர் என்று பார்த்ததில் அவர் முகம் மலர்ந்தது. ஏழாம் கட்டில். முந்தின நாள் இரவுப்பணி டாக்டர் சேர்த்த ஆள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேன் ரிப்போர்ட் தெளிவாகச் சொன்னது. சுருங்கிய வால்வு வழியாக ரத்தம் போகும்போது ஓர் உருட்டல் சத்தம் கேட்கும். தொலைவில் போடிமெட்டுப் பாதையில் லோடு ஏற்றிய ஜீப்பு முதல் கியரில் ஏறுவது போன்ற சத்தம் என்பது லிங்கேஸ்வரனின் புகழ்பெற்ற வர்ணனை. புத்தகத்தில் ஆயிரம் தடவை படித்தாலும் புரியாது. காதால் கேட்க வேண்டும். ஆளை இன்னும் பார்க்கவில்லை. ஆனால் ரிப்போர்ட்டைப் படித்த அந்த நிமிஷமே அவருக்குச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

இங்கே ஏழாம் கட்டிலில் அன்று காலை நடந்ததை உங்களுக்கு மட்டும் சொல்லியாக வேண்டும்.

கட்டிலுக்கு உரியவர் சுருளிவேல். மலைக்கிராமமான குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுகிறவர். ஆஸ்பத்திரிக்கும் தன் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டுதான் வந்து சேர்ந்தார். வாசலை அடைத்து நிறுத்தியும் வைத்திருந்தார். காலையில் வாட்ச்மேன் வந்து, ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை, வண்டியை எடு என்று சத்தம் போட்டார். மலை ஜீப்பு ஓட்டுகிறவர்கள் எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள், சாவியைக் கொடுக்கமாட்டார்கள். துணைக்கு வந்திருந்த மச்சினன் வெள்ளைத்துரை, நான் எடுக்கிறேன் மச்சான் என்று கை நீட்டியதற்குச் சுருளிவேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், வால்வினால் அல்ல.

"நான் போயி எடுத்துப் போட்டுட்டு வெரசா வந்துர்றேன் மாப்ளே. நீ பெட்டுல படுத்துக்க. எந்திரிச்சேன்னு வையி, வேற ஆளைப் போட்ருவாக."

பஸ்சில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள் நாம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத் துண்டு சின்னதாக இருக்கும் என்று சுருளிவேல் மச்சினனையே போட்டுவிட்டுப் போனார். ராசிங்காபுரத்தில் தக்காளி விவசாயம் பார்க்கும் வெள்ளைத்துரைக்கு முப்பத்தெட்டு வயது. வாழ்நாளில் ஜலதோஷத்துக்குக்கூட மாத்திரை போட்டவர் இல்லை. கைலி, பனியன், கழுத்துவரை போர்வை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தக் குளிர்ந்த காலையில் அது நல்ல கட்டில்.

எட்டரை மணிக்கு ஊர்வலம் வந்தது. முன்னால் லிங்கேஸ்வரன். பின்னால் ஆறு பேர். அதில் இனியவன் என்ற பையன் எப்போதும் அவருடைய வலது தோளுக்குப் பின்னால் நின்று, அவர் வாயைத் திறக்கும்போதே தலையாட்டுகிறவன். எல்லாருக்கும் கடைசியில் அனுப்பிரியா. நேற்றிரவு சுருளிவேலின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விவரம் எழுதியவள் அவள்தான். அவளுக்கும் பின்னால், அட்டையில் செருகிய மதிப்பெண் தாளோடு டாக்டர் கற்பகம். அவர் அடிப்படையில் தோல் டாக்டர். கல்லூரி நிர்வாகத்துக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இதயத்தைக் கடைசியாக எப்போது கேட்டார் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

மூன்றாவது குறிப்பு, பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள் என்றது. லிங்கேஸ்வரன் தம்மைப் பெயர் சொல்லி, பட்டங்களோடு அறிமுகப்படுத்திக்கொண்டார். கட்டிலில் இருப்பவருக்குத்தான் தலைமாட்டில் எண் இருக்கிறதே.

"ஐயா, இந்தப் பிள்ளைங்க உங்களைத் தொட்டுப் பாத்துப் படிக்கலாமா?"

வெள்ளைத்துரையை அதுவரை யாரும் ஐயா என்று கூப்பிட்டதில்லை. "தாராளமாப் படிச்சுக்கங்க," என்றார் எழுந்து உட்கார்ந்து. பிறகு மனசாட்சி உறுத்தியது. "ஆனா டாக்டரே, நான் வந்து—"

"எப்ப வேணும்னாலும் வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. இப்பப் பேசாதீங்க."

அனுப்பிரியா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நேற்று நரைத்த மீசையோடு இருந்த முகத்தில் இன்று மீசையே இல்லை. "சார், இவரு—"

லிங்கேஸ்வரன் உள்ளங்கையைக் காட்டினார். "முதல்ல கவனிக்கணும், அப்புறம் பேசணும். எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம நோயாளியைப் பாருங்க."

ஒரு நிமிஷம் மௌனம். ஏதோ தலைவருக்கு அஞ்சலி செலுத்துவதுபோல் ஏழு ஜோடிக் கண்கள் வெள்ளைத்துரையைப் பார்த்தன. வெள்ளைத்துரை தம்மைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பெண்பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று அவருக்கு வெட்கம் வந்தது.

"கன்னத்துல என்ன தெரியுது?"

"செவப்பு சார்," என்றான் இனியவன்.

"வால்வு சுருங்கினா கன்னம் செவக்கும். வேற?"

"வால்வு யாருக்குச் சுருங்கிச்சு?" என்றார் வெள்ளைத்துரை.

"பயப்படாதீங்க. நடந்தா மூச்சு வாங்குதா?"

"குரங்கணியில இருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுனா வாங்கும்."

"பாத்தீங்களா."

"எல்லாருக்குந்தான் வாங்கும் டாக்டரே."

"எல்லாருக்கும் வாங்குறதைப் பத்தி இப்ப நாம பேசல. ராத்திரி படுத்தா என்ன ஆகுது?"

"தூக்கம் வந்துருது."

லிங்கேஸ்வரன் மாணவர்கள் பக்கம் திரும்பினார். மனசில் ஓடுவதை வெளியே சொல்ல வேண்டிய இடம் இது. "நான் இப்ப உள்ள என்ன யோசிக்கிறேன்னு சொல்றேன், கேட்டுக்கங்க. இவ்வளவு சுருக்கம் இருக்கிற ஆளு எப்படி இவ்வளவு நல்லா இருக்காருன்னு யோசிக்கிறேன். கால் வீங்கல. மூச்சுத் திணறல் இல்லை. ஆளு தேக்கு மாதிரி இருக்காரு. இதுல இருந்து நாம என்ன புரிஞ்சுக்கிறோம்?"

"சார், நேத்து நான் விவரம் எழுதினது—" என்றாள் அனுப்பிரியா.

"நேத்து எழுதினதை வச்சு இன்னைக்குப் பேசக் கூடாதும்மா. ஒவ்வொரு நாளும் கட்டில்ல இருக்கிறது புது ஆளு. அப்படித்தான் பாக்கணும்."

கற்பகம் அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார். அன்று காலை லிங்கேஸ்வரன் சொன்னவற்றில் முழு உண்மை அது ஒன்றுதான்.

"அப்ப, நோய் முத்தினாலும் வெளிய தெரியாதுன்னு புரிஞ்சுக்கிறோம் சார்," என்று இனியவன் முடித்துவைத்தான். வெள்ளைத்துரை போர்வையை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டார். அவருக்கு இடதுபக்கம் லேசாக ஏதோ செய்வதுபோல் இருந்தது.

இனி சடங்கு. நோயாளியை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, வாத்தியார் டாக்டர் கண்ணை மூடிக்கொள்வார். முகத்தில் ஒரு புன்னகை பரவும். பிறகு கருவியை மாணவரிடம் கொடுத்து ஒரே ஒரு சொல் கேட்பார்: "கேக்குதா?" இதற்கு மருத்துவக் கல்வி தோன்றிய நாளிலிருந்து ஒரே பதில்தான். கோயிலில் திருநீறு கொடுத்தால் எனக்குத் தலைவலி இல்லையே என்று யாராவது சொல்வார்களா? வாங்கிப் பூசிக்கொள்ள வேண்டியதுதான்.

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குது சார்," என்றான் இனியவன். அவன் இன்னும் காதில் மாட்டியிருக்கவில்லை.

அடுத்தவனுக்கும் கேட்டது. அதற்கடுத்தவளுக்கு ஜீப்பு ஏறுகிற சத்தமே கேட்டது. நான்காவது ஆள், ஜீப்பு கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறது என்று சொல்லுமளவுக்குப் போனான். ஐந்தாவது ஆளுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லாததால், லோடு அதிகம் என்றான். லிங்கேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பிள்ளைகளையா வேறு ஊருக்கு அனுப்புவது?

"மேடம், நீங்களும் ஒருதரம்," என்று கருவியை நீட்டினார்.

கற்பகம் மறுக்க முடியாமல் வாங்கினார். வைத்தார். கேட்டார். வெள்ளைத்துரையின் இதயம் பம்புசெட் மாதிரி சீராக அடித்துக்கொண்டிருந்தது. பதினைந்து கண்கள் தம்மைப் பார்ப்பதைக் கற்பகம் உணர்ந்தார். வெள்ளைத்துரை ஒரு கண்ணைத்தான் திறந்திருந்தார்.

"ம். இருக்கு," என்றார். "மெலிசா இருக்கு. ஆனா தெளிவா இருக்கு."

கடைசியில் அனுப்பிரியா. அவள் காதில் மாட்டி, முழுதாக ஒரு நிமிஷம் கேட்டாள்.

"கேக்கல சார்."

வார்டே திரும்பிப் பார்த்தது. எட்டாம் கட்டில்காரர் இட்லியை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினார். லிங்கேஸ்வரன் பல்லைக் கடித்தார். பிறகு தாளை நினைத்துக்கொண்டார். முன்னும் பின்னும் நிறை.

"அனுப்பிரியா, நேரத்துக்கு வந்திருக்க, சந்தோஷம். காது சரியில்ல. கையெழுத்து அருமையா இருக்கு."

"கையெழுத்து இருக்கட்டும் சார். இங்க சத்தமே இல்லை."

"நல்லது. ஏன் கேக்கலன்னு நீ நினைக்கிற? அவசரப்படாத. யோசி. அஞ்சு செகண்டு தர்றேன்." விரலை மடக்கத் தொடங்கினார். "ஒண்ணு."

"சார், நான் இப்பவே சொல்லிர்றேன்—"

"பொறு. ரெண்டு. மூணு. நாலு."

கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். நரைத்த மீசை. ஒரு கையில் ஜீப்புச் சாவி, மறு கையில் பார்சல் டீ. நாலு எட்டு வைத்து நின்று மூச்சு வாங்கி, மறுபடி நாலு எட்டு வைத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டிலருகே வந்தார்.

"மாப்ளே, எந்திரி. வண்டியைப் போட்டாச்சு."

வெள்ளைத்துரை எழவில்லை. "என்னால எந்திரிக்க முடியாது மச்சான். வால்வு சுருங்கிப்போச்சு."

"உனக்கு எதுக்குடா வால்வு சுருங்குது? அது எனக்குல்ல சுருங்கியிருக்கு."

"உனக்குத்தான்னு நானும் நெனச்சேன். இத்தனை படிச்சவக வரிசையா வந்து கேட்டுட்டாக. ஒரு பிள்ளைக்குத்தான் கேக்கல. அதுக்குக் காது சரியில்லையாம்."

வாசகரே, அந்த நொடியில் நீங்கள் லிங்கேஸ்வரனாக இருந்து பாருங்கள். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவர் கண்ணுக்கு முன்னால் ஓடின: காலி வார்டு, மின்விசிறி, மகாராணி, மீன்கொழம்பு. பன்னிரண்டாவது குறிப்பு, தவறு செய்தால் தவறிவிட்டேன் என்று மாணவர்கள் முன்னால் சொல்லுங்கள், அதைவிடப் பெரிய பாடம் கிடையாது என்கிறது. அதையும் அவர் மனப்பாடம் செய்திருந்தார். சொல்லத்தான் வாயைத் திறந்தார். முப்பது வருஷமாக அந்த வாய் ஒரே ஒரு மாதிரிதான் திறந்து பழகியிருக்கிறது.

"நல்லது," என்றார். "இப்பச் சொல்லுங்க. இவ்வளவு நேரமா நான் செஞ்ச தப்பு என்ன?"

ஐந்து பேர் குறிப்பேட்டைப் புரட்டினார்கள்.

"கட்டில்ல இருக்கிறது யாருன்னு நான் கேக்கவே இல்லை. யாராவது ஒருத்தர் சுட்டிக்காட்டுவீங்கன்னு காத்திருந்தேன். அஞ்சு செகண்டு காத்திருக்கச் சொல்லியிருக்காங்க. நான் நாப்பது நிமிஷம் காத்திருந்தேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே அது உண்மை என்று பட்டது. என்ன அருமையான பாடம். இதைத் தாம் எப்போது யோசித்தோம் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. எல்லாக் கண்களும் கற்பகத்தின் பக்கம் திரும்பின. கற்பகம் மதிப்பெண் தாளைப் பார்த்தார். நடந்தது தவறு என்றால், தேக்கு போன்ற ஓர் ஆளின் நெஞ்சில் இல்லாத சத்தத்தை, மெலிதாக, ஆனால் தெளிவாகக் கேட்டது யார்? நடந்தது சோதனை என்றால் கதையே வேறு. அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு முதல்லயே தெரியும்," என்றார். "கெடுக்க வேணாம்னுதான் கேக்குதுன்னு சொன்னேன்."

"நாங்களும் அதுக்குத்தான் சார் சொன்னோம்," என்றான் இனியவன். மற்ற நான்கு பேரும் தலையாட்டினார்கள்.

"சார், நான் முதல்ல இருந்தே சொல்ல வந்தேன்," என்றாள் அனுப்பிரியா.

"வந்த. சொல்லல. அதுதான் இன்னைக்கு உனக்குப் பாடம்," என்றார் லிங்கேஸ்வரன், மிகுந்த கனிவோடு.

வார்டு பிழைத்தது. மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இரண்டு குறைந்ததற்குக் காரணம், குழுவோடு ஒத்துப்போகப் பழக வேண்டிய ஒரு பயிற்சி டாக்டர் அங்கே இருந்ததுதான் என்று தாளில் எழுதியிருந்தது. பயிற்சி டாக்டர்களின் எண்ணிக்கை ஆறிலிருந்து எட்டானது. சுற்றுவட்டார ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கெல்லாம் எப்படிப் பாடம் நடத்துவது என்று லிங்கேஸ்வரன் பாடம் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவை அவர் மகாராணியிடம் வாசித்துக் காட்டினார்.

"ரொம்ப சந்தோஷம்," என்றார் மகாராணி. "அங்கேயே சாப்பாடும் போடுவாங்களான்னு கேளுங்க."

சுருளிவேலின் நெஞ்சை அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அனுப்பிரியா கேட்டாள். சத்தம் நன்றாகவே கேட்டது. வால்வு என்றால் என்ன, எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும், மேல்சிகிச்சைக்கு மதுரைக்கு என்றைக்குப் போக வேண்டும், அதுவரை மலையில் ஏன் வண்டி ஓட்டக் கூடாது என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். அவர் அவளிடம் சாவியைக் கொடுத்தார். இதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

வெள்ளைத்துரைதான் சங்கடம். அவர் கட்டிலை விட்டு எழ மறுத்ததால் அவருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டியதாயிற்று. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அவர் நம்பவில்லை. ராசிங்காபுரம் டீக்கடையில் இப்போது தினமும் காலையில், பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பனியனைத் தூக்கிக் காட்டி, "எனக்கு என்ன நோவுன்னு சொல்லு பாப்பம்?" என்று ஆரம்பிக்கிறார். உட்கார்ந்தவர் ஏதாவது சொன்னால், "வேற?" என்கிறார். தொற்று ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அதனால்தான் எச்சரிக்கிறோம். இதுவரை சிரித்தது போதும், கொஞ்சம் உங்கள் பக்கம் வருவோம். டாக்டருக்குப் படித்தால்தான் இது வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கண்காணாத தேசத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற உங்கள் மகள், அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்க, அவசரமாகப் போன் போட்டு, "அப்பா, ரசத்துக்குப் புளி எவ்வளவு போடணும்?" என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நெல்லிக்காய் அளவு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்களா? அல்லது தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "முதல்ல நீ சொல்லு, எவ்வளவு போடலாம்னு நினைக்கிற?" என்று தொடங்குவீர்களா?

தொடங்குகிறவர் என்றால் ஒன்று சொல்லிவைக்கிறோம். எதிர்முனையில் சத்தமே இல்லையென்றால் பிள்ளை யோசிக்கிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்காதீர்கள். அவள் போனை வைத்துவிட்டாள்.